போன் செய்யும் பெண் யார் கணக்கில்?

காரிமங்கலம் பஸ் நிலையம். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. கிருஷ்ணகிரி பக்கம் போகும் பஸ்சுக்காக சில பெண்கள் நிற்கிறார்கள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. ஊருக்குத் திரும்ப ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரம் ஆகலாம். அதுவரைக்கும் வேண்டிய துணிமணி, ஊறுகாய் பாட்டில், முறுக்குப் பொட்டலம் எல்லாம் அந்தப் பையில்தான்.

டீக்கடையில் ஒருவர் கேட்கிறார்: "என்ன மாமா, பாப்பாவை ஏத்தி விட வந்தீங்களா? எங்கே வேலை?"

பெண்ணின் தகப்பனார் சொல்கிறார்: "ஓசூர்லே மாப்ளே. ஆப்பிள் கம்பெனி!"

சொல்லும்போதே குரலில் ஒரு பெருமை. இருக்காதா பின்னே? பெண் குழந்தை பிறந்தால் முகம் சுளித்த மாவட்டம் என்று தர்மபுரி ஒரு காலத்தில் பத்திரிகைகளில் அடிபட்டது. 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை பிறகு தர்மபுரிக்கும் கொண்டு வர வேண்டியிருந்தது. அந்த மாவட்டத்தில் இன்று எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது பெண் அனுப்பும் சம்பளத்தில். தம்பி படிப்பும் அதில்தான், கடன் தவணையும் அதில்தான்.

காரிமங்கலத்திலேயே பெண்களுக்கென்று அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. படித்து வெளியே வருகிற பெண்ணுக்கு உள்ளூரில் என்ன வேலை? ஜவுளிக்கடையில் நிற்கலாம். தனியார் பள்ளியில் சொற்ப சம்பளத்துக்குப் பாடம் நடத்தலாம். அதனால்தான் ஓசூர் பஸ்சில் கூட்டம்.

அவள் போகட்டும், சம்பாதிக்கட்டும். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் தகப்பனார் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் சிக்கல்.

ஆப்பிள் கம்பெனியின் ஆள் கணக்கில் அந்தப் பெண் இல்லை!

1 லட்சத்து 64 ஆயிரம்

அமெரிக்க கம்பெனிகள் ஆண்டுதோறும் அந்நாட்டு அரசாங்கத்திடம் கணக்கு காட்ட வேண்டும். அதில் "எங்களிடம் வேலை செய்வோர் இத்தனை பேர்" என்று ஒரு வரி வரும். 2024 செப்டம்பர் மாத நிலவரப்படி ஆப்பிள் காட்டிய கணக்கு, உலகம் முழுவதற்கும் சேர்த்து சுமார் 1 லட்சத்து 64 ஆயிரம் பேர்.

அதே ஆண்டில் கம்பெனியின் விற்பனை 39 ஆயிரத்து 100 கோடி டாலர். லாபம் மட்டும் 9 ஆயிரத்து 370 கோடி டாலர். லாபத்தை ஆட்களால் வகுத்தால் தலைக்கு 5 லட்சத்து 70 ஆயிரம் டாலர் வருகிறது. ரூபாயில் சொன்னால் நாலு கோடிக்கு மேல்!

ஒரு ஆள் ஒரு வருஷத்தில் நாலு கோடி லாபம் சம்பாதித்துக் கொடுக்கிறாரா? அப்படி என்ன மாய வேலை?

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. வகுக்கும்போது பாதிப் பேரை விட்டுவிட்டு வகுத்தால் பங்கு பெரிதாகத்தான் தெரியும். பாதி என்பதுகூட குறைச்சல். ஐபோனைச் சேர்த்துப் பூட்டுகிறவர்கள், கூடு கடைகிறவர்கள், கேமராவை ஒட்டுகிறவர்கள், பெட்டியில் அடைக்கிறவர்கள் யாரும் அந்த 1 லட்சத்து 64 ஆயிரத்தில் கிடையாது. அவர்கள் சீனாவில் இருக்கிறார்கள், வியட்நாமில் இருக்கிறார்கள், சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறார்கள், ஓசூரில் இருக்கிறார்கள்.

1 லட்சத்து 64 ஆயிரம் பேரில் எந்த நாட்டில் எத்தனை பேர் என்றாவது அந்த ஆண்டறிக்கையில் இருக்கிறதா? அதுவும் இல்லை. மொத்தத் தொகை மட்டும்தான்.

பெருமைக்கு ஒரு கணக்கு

வேடிக்கை என்னவென்றால், அதே கம்பெனியிடம் இன்னொரு கணக்கும் உண்டு.

2025 பிப்ரவரியில் அமெரிக்காவில் பெரிய முதலீடு செய்யப் போவதாக ஆப்பிள் அறிவித்தது. அந்த அறிவிப்பில், அமெரிக்காவில் மட்டும் 29 லட்சத்துக்கும் அதிகமான வேலைகளுக்கு தாங்கள் ஆதாரமாக இருப்பதாகச் சொன்னது. எப்படி வந்தது 29 லட்சம்? தன்னுடைய ஆட்கள், தனக்கு சாமான் சப்ளை செய்யும் கம்பெனிகளின் ஆட்கள், போனுக்குள் ஓடும் செயலிகளை எழுதுகிறவர்கள் என்று எல்லோரையும் கூட்டிச் சொன்ன எண்ணிக்கை அது.

ஆக, பெருமை பேசும்போது சப்ளையர் வீட்டு ஆளும் என் ஆள். பதிவேட்டில் எழுதும்போது அவர் வேறு வீட்டு ஆள்!

சந்தையில் ஆட்டு வியாபாரி ஒருவர் விலை பேசும்போது ஐம்பது ஆடு என்றும், சுங்கம் கட்டும்போது ஐந்து ஆடு என்றும் சொன்னால் குத்தகைக்காரர் விட்டுவிடுவாரா?

எண்ணிக்கையை மறைப்பது இந்த ஒரு கம்பெனியின் பழக்கமும் அல்ல. ஐ.பி.எம். என்ற கம்ப்யூட்டர் கம்பெனியை எடுத்துக் கொள்ளுங்கள். அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்கைக் குறைக்க மனமில்லாமல் 1978-ல் இந்தியாவை விட்டுப் போன கம்பெனி அது. 1992-ல் டாடாவுடன் கூட்டு சேர்ந்து திரும்பி வந்தது. 2017-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு செய்தி போட்டது. ஐ.பி.எம்.முக்கு இந்தியாவில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர், அதாவது மொத்த ஆட்களில் மூன்றில் ஒரு பங்கு, அமெரிக்காவில் இருப்பதைவிட அதிகம் என்றது அந்தச் செய்தி. அதைப் பத்திரிகைதான் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. எந்த நாட்டில் எத்தனை பேர் என்று சொல்வதை கம்பெனி சில ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டது. இருந்தாலும் அந்த 1 லட்சத்து 30 ஆயிரம் பேர் ஐ.பி.எம். சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். ஓசூர் பெண்ணுக்கு அந்த பாக்கியமும் இல்லை.

கை மாறும் வேலை

ஓசூரில் அவள் வேலை செய்வது டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் என்று வைத்துக் கொள்வோம். 2020-ல் தொடங்கப்பட்ட கம்பெனி. ஐபோனின் வெளிக்கூடு உள்ளிட்ட பாகங்கள் அங்கே தயாராகின்றன. 2024 செப்டம்பர் 28-ந்தேதி அங்கு தீப்பிடித்து உற்பத்தி நின்றபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஓசூர் பெயரைப் போட்டன. ஐபோனுக்குத் தட்டுப்பாடு வருமா என்பதுதான் அவற்றின் கவலை.

அந்தப் பெண் ஆலையின் நேரடி ஆள் என்றால் சம்பளச் சீட்டில் டாடா பெயர் இருக்கும். ஆள் சப்ளை செய்யும் காண்டிராக்டர் மூலம் சேர்ந்திருந்தால் காண்டிராக்டர் பெயர் இருக்கும். போன் ஆப்பிளுடையது. ஆலை இன்னொருவருடையது. ஆள் மூன்றாவது நபருடையவர். மூன்று கை மாறுகிறது.

எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரையில் யார் பெயர் இருந்தால் என்ன என்று தோன்றும். சம்பளம் தாமதமானால்? சாப்பாட்டில் கோளாறு வந்தால்? மிஷினில் கை மாட்டினால்? அப்போதுதான் "யாரிடம் போய்க் கேட்பது" என்ற கேள்வி வரும்.

கோலார் பக்கம் நரசாபுரத்தில் விஸ்ட்ரான் என்ற தைவான் கம்பெனியின் ஐபோன் ஆலை இருந்தது. 2020 டிசம்பர் 12-ந்தேதி அங்கே தொழிலாளர்கள் கண்ணாடிகளை உடைத்தார்கள், வண்டிகளைக் கவிழ்த்தார்கள். காரணம், சம்பளப் பிரச்சினை. பெரும்பாலோர் காண்டிராக்ட் தொழிலாளர்கள். பொருள்களை உடைத்தது தப்புதான், போலீசார் வழக்கும் போட்டார்கள். ஆனால் ஒரே வாரத்தில் விஸ்ட்ரான் கம்பெனியே, சிலருக்கு சம்பளம் சரியாகவும் உரிய நேரத்திலும் போய்ச் சேரவில்லை என்று ஒப்புக்கொண்டு, மேலதிகாரி ஒருவரை நீக்கியது. ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்து, புது ஆர்டர் கிடையாது என்றது. பிறகு 2023-ல் அந்த ஆலையை டாடா வாங்கிவிட்டது.

நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்கள்

அடுத்த வருஷமே இன்னொன்று. 2021 டிசம்பர். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டு, நூற்றுக்கும் அதிகமானோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சக தோழிகளின் கதி என்ன என்று சரியான தகவல் வராததால் பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காரிமங்கலம் பஸ் கிருஷ்ணகிரியில் போய்ச் சேருகிறதே, அதே பெங்களூர் ரோடுதான். விடிய விடிய போக்குவரத்து நின்றது.

அந்தப் பெண்கள் ஆப்பிள் கணக்கில் இல்லை. ஆனால் ஆப்பிள் என்ன செய்தது? தணிக்கை ஆட்களை அனுப்பி விடுதிகளைப் பார்த்தது. தங்குமிடங்கள் சிலவும் சாப்பாட்டு அறைகள் சிலவும் தங்கள் விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று அறிவித்தது. ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது.

பதிவேட்டில் இல்லாத பெண்ணின் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கை நீட்ட முடிகிறது என்றால், முதலாளி வேலையை யார் செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ள வக்கீல் வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. தனக்கு சப்ளை செய்கிறவர்களுக்கு ஆப்பிள் ஒரு விதிப் புத்தகம் வைத்திருக்கிறது. வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஏழு நாளில் ஒரு நாள் லீவு என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல விதிதான். சப்ளையர் கம்பெனிகளின் பெயர்ப் பட்டியலையும் வெளியிடுகிறது. தமிழ்நாட்டு ஆலைகளும் அதில் வருகின்றன. எந்த ஆலையில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் வராது.

மணியை எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஆளை எண்ணத் தெரியாதா?

பீடியில் நடந்தது

"அதெப்படிங்க, டாடா ஆலை டாடா ஆலைதானே? பாக்ஸ்கான் பத்து கம்பெனிக்கு சாமான் செய்யுது. எல்லாரும் அவங்களைத் தங்கள் ஆள்னு சொன்னா ஒரே ஆளைப் பத்து தடவை எண்ணின மாதிரி ஆகாதா?" என்று கணக்குப்பிள்ளைகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லோரையும் ஆப்பிள் சம்பளப் பட்டியலில் சேர் என்று கேட்டால் அது நடக்காது.

ஆனால் தமிழ்நாட்டுக்கு இந்தப் பிரச்சினை புதுசு அல்ல. குடியாத்தத்திலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். இலையும் தூளும் கம்பெனியுடையது. லேபிள் கம்பெனியுடையது. சுற்றுவது வீட்டுத் திண்ணையில். நடுவில் ஏஜெண்டு. "இவங்க எங்க ஆள் இல்லை, ஏஜெண்டைக் கேளுங்க" என்பதுதான் லேபிள் முதலாளிகளின் பல்லவி.

1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. காண்டிராக்டர் மூலம் வேலை வாங்கினாலும், யாருக்காக வேலை நடக்கிறதோ அவர்தான் முதன்மை முதலாளி என்றது சட்டம். பீடி முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1974-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்றது. வீட்டில் சுற்றுகிறவர்களுக்கு பி.எப். உண்டா என்று மறுபடி வழக்கு. 1985-ல் அதற்கும் உண்டு என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் பீடி சுற்றும் பெண் கையில் ஒரு பாஸ் புத்தகம் வந்தது.

ஒரு கட்டு பீடியில் லேபிளுக்கு இருந்த பொறுப்பு ஒரு லட்சம் ரூபாய் போனில் லேபிளுக்கு வேண்டாமா?

2025 நவம்பர் 21-ந்தேதி 4 புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது புதுச் சட்டம். காண்டிராக்டர் சம்பளம் கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும் என்ற பழைய விதியும் தொடர்கிறது. ஆனால் அந்த முதன்மை முதலாளி ஓசூர் ஆலைதான். கலிபோர்னியாவில் இருக்கும் லேபிள் வரைக்கும் சட்டம் போகவில்லை.

ஜார்க்கண்ட் பெண்ணோடு சண்டையா?

டீக்கடைகளில் வேறு ஒரு பேச்சு பலமாக அடிபடுகிறது. "நம்ம பொண்ணுங்களுக்கு வேலை இல்லை, வடக்கே இருந்து ரயில் ஏத்திக் கொண்டு வர்றாங்க" என்று. 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஓசூர் ஆலையில் 60 ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கும், முதல் 6 ஆயிரம் பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் என்று மேடையில் சொன்னார். அன்றைக்குப் பற்றிய நெருப்பு இன்னும் அணையவில்லை.

உள்ளூர்க்காரனின் ஆதங்கம் பொய் அல்ல. நிலம் தமிழ்நாட்டுடையது. தண்ணீர் தமிழ்நாட்டுடையது. ஆனால் அந்த ஹசாரிபாக் பெண்ணும் இதே மாதிரி ஒரு பையோடுதான் வந்து இறங்குகிறாள். அவள் அப்பாவும் ஊரில் "ஆப்பிள் கம்பெனி" என்றுதான் சொல்லிக் கொண்டிருப்பார். அவளும் கணக்கில் இல்லை, இவளும் கணக்கில் இல்லை. இரண்டு பேரையும் மோத விட்டுவிட்டு, எந்த மாவட்டத்தார் எத்தனை பேர் என்ற கணக்கை யாரும் பொதுவில் வைக்கவில்லையே, அதை யார் கேட்பது?

ஓசூர் தர்மபுரிக்கு அந்நிய ஊரும் அல்ல. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஓசூரும் தர்மபுரி மாவட்டம்தான். 1984-ல் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து டைட்டன் கம்பெனியை ஆரம்பித்தபோது ஆலை வந்தது ஓசூரில். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்து இளசுகளை எடுத்து, பல்சக்கரம் பூட்டக் கற்றுக் கொடுத்தார்கள். அப்படிச் சேர்ந்தவனுக்கு, வாட்சில் இருக்கும் பெயரும் சம்பளம் கொடுப்பவர் பெயரும் ஒன்று. "டைட்டன்ல வேலை" என்று அவன் சொன்னால் அது நிஜம். அந்த வேலையைக் காட்டி பாங்கியில் கடன் வாங்கலாம், பெண் பார்க்கப் போகலாம்.

இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. ஆலைகள் பெரிதாகிவிட்டன. 2024 ஆகஸ்ட் 17-ந்தேதி ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் ரூ.706 கோடி செலவில் கட்டிய விடுதியை முதல்-அமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார். ஒரே விடுதியில் 18 ஆயிரத்து 720 பெண்கள் தங்கலாம். கட்டில் இத்தனை என்று ஒற்றை எண் தவறாமல் சொல்ல முடிகிறது. அதில் படுப்பவர்களில் நிரந்தரம் எத்தனை, காண்டிராக்ட் எத்தனை என்று மட்டும் அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

கேட்க உரிமை உண்டா?

உண்டு. காரணம், இதில் பொதுப்பணம் இருக்கிறது. செல்போன் உற்பத்திக்கு மத்திய அரசு 2020-ல் சுமார் 41 ஆயிரம் கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டு வந்தது. கூடுதலாக விற்றதில் நூற்றுக்கு 4 முதல் 6 வரை கம்பெனிக்குத் திரும்பக் கிடைக்கும். கவனியுங்கள், விற்பனைக்குத்தான் தொகை. எத்தனை பேருக்கு நிரந்தர வேலை கொடுத்தாய் என்பதற்கு அல்ல.

இந்தியப் பங்குச் சந்தையில் பெயர் பதித்த பெரிய ஆயிரம் கம்பெனிகளுக்கு செபி ஒரு விதி வைத்திருக்கிறது. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, நிரந்தரம் அல்லாதவர் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று ஆண்டுதோறும் எழுதி வெளியிட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் டாடா எலக்ட்ரானிக்ஸ் பங்குச் சந்தையில் இல்லை. ஆப்பிள் இருப்பது அமெரிக்க சந்தையில். ஆக, இந்த விதியின் ஓட்டை வழியாக அந்தப் பெண் சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறாள்.

ஊக்கத்தொகை வாங்கும் எந்த ஆலையும், சந்தையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தக் கணக்கை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்ப்பதற்கு டெல்லிக்கு ஒரு பைசா செலவு இல்லை. சலுகை நிலம் கொடுக்கும் தமிழக அரசும் ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்கலாம். ஆப்பிளும் தன் ஆண்டறிக்கையில் 1 லட்சத்து 64 ஆயிரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, "எங்கள் சாமானுக்காக இன்ன இன்ன ஊரில் வேலை செய்யும் பிறர் ஆட்கள்" என்று காட்டலாம். அமெரிக்காவுக்கு 29 லட்சம் என்று கூட்டத் தெரிந்தவர்களுக்கு ஓசூரைக் கூட்டுவது கஷ்டம் அல்ல.

அதுவரையில் காரிமங்கலத்துத் தகப்பனார்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. பெண் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது நியமனக் கடிதத்தை வாங்கிப் பார்க்கட்டும். சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை இரண்டிலும் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கட்டும். அவள் போனிலேயே பி.எப். பாஸ் புத்தகத்தைத் திறந்து, மாதாமாதம் பணம் ஏறுகிறதா, ஏற்றுகிறவர் யார் என்றும் பார்க்கட்டும். பெயர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாறியிருந்தால், அந்தச் சீட்டுகளைத் தேதிவாரியாக ஒரு கவரில் போட்டு, பீரோவில் பத்திரமாக வைக்கட்டும்.